இருபத்தைந்து வரவேண்டிய தூண்

ரேணுகாவுக்கும் ராஜகோபாலனுக்கும் ஆகாது என்பது அந்தக் கல்லூரியின் கேன்டீன் பூனைக்குக்கூடத் தெரியும். இரண்டு பேரும் சிவில் துறை. அவர் துறைத்தலைவர், இவள் அவருக்கு அடுத்த நாற்காலி. திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் சவுக்குத் தோப்பை அழித்துக் கட்டிய கல்லூரி அது. அங்கே துறை அறையில் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் உட்கார்ந்துவிட்டால் மூன்றாவது ஆள் டீ குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவார்.

சண்டை சொத்துக்கா, பதவிக்கா என்று கேட்டால் அதெல்லாம் இல்லை. ஒரு பாடத்துக்கு. சிரிக்காதீர்கள், பாடத்துக்காகவும் மனிதர்கள் கழுத்தைப் பிடிப்பார்கள்.

நம் ஊரில் சிவில் படிக்க வருகிற பிள்ளை முதல் வருஷம் முழுக்கக் கணக்கும் கெமிஸ்ட்ரியும் படிக்கும். கான்கிரீட்டைத் தொட்டுப் பார்க்க மூன்றாம் வருஷம் ஆகும். தொடுகிற லட்சணத்தையும் சொல்ல வேண்டும். லேபுக்குள் நுழையும்போதே சீனியரின் ரெக்கார்டு கையில் இருக்கும். விடை என்ன வர வேண்டும் என்று அதில் இருக்கும். பிள்ளைகள் விடையை முதலில் எழுதிவிட்டு, கால்குலேட்டரைத் தட்டித் தட்டிப் பின்னாலேயே வந்து, அதற்குத் தோதாக ரீடிங்கை எழுதிக்கொள்வார்கள். மேனிபுலேட் பண்ணுவது என்று இதற்குப் பெயர். ப்ளஸ் டூ பிராக்டிகலில் ஊசல் குண்டை ஆட்டும்போது தொற்றுகிற வியாதி, வேலைக்குப் போன பிறகும் விடுவதில்லை. வாத்தியாருக்கும் தெரியும். அவரும் அப்படிப் படித்து வந்தவர்தானே. விடை சரியாக வந்தால் முழு மார்க்கும் விழும்.

ரேணுகாவுக்கு இந்தப் பித்தலாட்டத்தைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். செய்யூர்ப் பக்கத்து வேர்க்கடலைக்காரர் வீட்டுப் பெண் அவள். கல்லூரிக்கு வருமுன் கட்டட சைட்டுகளில் வெயிலில் நின்று வேலை பார்த்தவள். சைட்டில் வந்து சேர்கிற புது இன்ஜினியர்கள், கான்கிரீட்டைச் சோதிக்காமலே சோதித்ததாக எழுதுவதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து, இதை வேரிலேயே பிடுங்க வேண்டும் என்றுதான் ஆசிரியர் வேலைக்கே வந்தாள். பல வருஷம் யோசித்து ஒரு பாடம் அமைத்தாள். பெயர் ‘அளந்து பார்’. முதல் செமஸ்டரிலேயே ஆரம்பம். கையேடு கிடையாது, சீனியர் ரெக்கார்டு கிடையாது. ஒவ்வொரு குழுவும் கல்லூரி வளாகத்தில் ஏதாவது ஒன்றை எடுத்து அளக்க வேண்டும். சாய்தளம், தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு, எதுவானாலும் சரி. விடை யாருக்கும் தெரியாது, ஆகவே பின்னாலிருந்து எழுதவும் முடியாது. தியரி அப்புறம் வரும்.

“சித்தாள் வேலை கத்துக்கறதுக்கா பிள்ளைகள் இங்க வராங்க?” என்றார் ராஜகோபாலன், முதல் தடவை அதைப் படித்துவிட்டு.

“சித்தாள் உண்மையா செங்கல் எண்ணுவா சார். நம்ம பசங்க அதுகூட எண்ண மாட்டாங்க.”

“நீங்க எதைக் குடுத்தாலும் மாத்தித்தான் எழுதுவாங்க. முப்பது வருஷமா ரெக்கார்டு திருத்தறேன். எனக்குப் பாடம் சொல்ல வராதீங்கோ.”

“முப்பது வருஷமா தெரிஞ்சே கையெழுத்துப் போட்டீங்களே, அதைத்தான் சொல்றேன்.”

ராஜகோபாலன் அந்தத் தாளை மேஜையில் போட்டுவிட்டு எழுந்து போனார். திருக்கழுக்குன்றத்தில் மூன்று தலைமுறையாக வாத்தியார் உத்தியோகம் பார்த்த குடும்பம். யாரும் அவரை அப்படி முகத்துக்கு நேரே கேட்டதில்லை. அன்றிலிருந்து டைம்டேபிளில் முதல் மணி கடைசி மணி எல்லாம் அவள் தலையில்தான். லேப் சாவி கேட்டால் ஆள் இல்லை, கருவி கேட்டால் ரிப்பேர். அவளும் சளைத்தவள் இல்லை. துறைக் கூட்டங்களில் அவர் வாயைத் திறந்தால் இவள் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

சேர்மன் செங்கல்வராயன் ஒரு வகுப்புக்கு மட்டும் பரீட்சார்த்தமாக அந்தப் பாடத்தை நடத்திக்கொள்ளச் சொன்னார். பஸ் ஓட்டி, திருப்போரூரில் மனை போட்டு விற்று, கல்லூரி கட்டியவர். விளம்பரத்தில் ‘புதிய அணுகுமுறை’ என்று போட்டுக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. டிசம்பரில் பாடத்திட்டக் குழு கூடும். அங்கே தேறினால் எல்லாத் துறைக்கும் அந்தப் பாடம். தேறாவிட்டால் பாடமும் போச்சு, ரேணுகாவுக்கு அட்மிஷன் டூட்டியும் வந்துவிடும். ப்ளஸ் டூ பிள்ளைகள் இருக்கிற வீடு வீடாக ஏறி, ‘எங்க காலேஜ்ல சேருங்க’ என்று வாத்தியார்கள் கெஞ்சுகிற வேலைக்கு அந்தப் பெயர். வேண்டாத ஆளை அதில் தள்ளிவிடுவது தனியார் கல்லூரிகளின் பழைய பழக்கம்.

வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரமே ஒரு கூத்து நடந்தது. எல்லோரும் நூலகப் படிக்கட்டை அளந்து வர வேண்டும். படாளத்திலிருந்து பஸ்ஸில் வருகிற தமிழ்ச்செல்வி என்ற பெண், எல்லாப் படியும் ஒரே உயரம் என்று அழகாக எழுதிக் கொண்டுவந்தாள். அந்தப் படிக்கட்டில் கடைசிப் படி மட்டும் குட்டை. ஏறுகிறவன் தினம் ஒருவனாவது அங்கே இடறுவான்.

“எழுந்திரு. அளந்தியா?”

“அளந்தேன் மேடம்.”

“எத்தனை படி அளந்த?”

அந்தப் பெண் தலையைக் குனிந்தாள். “ரெண்டு மேடம். மத்தது அதே மாதிரிதான கீதுன்னு...”

“கீதுன்னு நீயே முடிவு பண்ணிட்டே! நாளைக்கு நீ கட்டற வூட்டுல ஒருத்தன் உருண்டு வுழுந்து மண்டைய உடைச்சிக்குவான், அப்பவும் அதே மாதிரிதான் இருந்துச்சுன்னு சொல்லுவ.” கோபம் வந்தால் ரேணுகாவின் வாயில் செய்யூர் வந்துவிடும். “இன்ஜினியர் இல்லடி நீ, திருடி. உக்காரு. ஜீரோ.”

வகுப்பே சிரித்தது. தமிழ்ச்செல்வி அழவில்லை. முகம் செங்கல் நிறத்துக்குப் போய், அப்படியே உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவள் ரேணுகாவைப் பார்த்து வணக்கம் சொன்னதில்லை. எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள். ரேணுகாவுக்கு அது தெரியும். முறைக்கட்டும், அளந்தால் சரி என்று விட்டுவிட்டாள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அளந்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வளாகத்தையே தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். சாய்தளத்தில் சக்கர நாற்காலி ஏறாது என்று கண்டுபிடித்தார்கள். மழைத் தண்ணீர் ஏன் லேபுக்குள் வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். ரேணுகாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ராஜகோபாலன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அதில் அவளுக்கு இன்னும் சந்தோஷம்.

தமிழ்ச்செல்வியின் குழு எடுத்துக்கொண்டது புதிதாகக் கட்டி முடித்த பெண்கள் விடுதி. பொங்கல் கழிந்து குடிபோக வேண்டிய கட்டடம். அதன் கீழ்த்தளத் தூண்களில் ரீபவுண்ட் ஹேமர் வைத்துப் பார்த்தார்கள். டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி. கான்கிரீட்டில் வைத்து அழுத்தினால் உள்ளே சுத்தியல் ‘டக்’கென்று அடித்து எகிறும். எகிறுகிற அளவை வைத்துத் தூணின் பலத்தைக் கணக்கிடலாம். அந்தத் தூண்களுக்குப் பலம் இருபத்தைந்து வர வேண்டும். மற்றத் தூண்களில் ஏறக்குறைய வந்தது. வாசல் பக்கத்து வரிசையில் மட்டும் பதினாலு, பதினஞ்சு, பதிமூணு.

அறிக்கையைப் பார்த்ததும் ரேணுகா தானே ஹேமரை எடுத்துக்கொண்டு போய் அடித்துப் பார்த்தாள். அதேதான். நேரே சேர்மன் அறைக்குப் போனாள்.

செங்கல்வராயன் கேட்டுவிட்டுக் கத்தவில்லை. அதுதான் அந்த மனிதரின் சாமர்த்தியம்.

“இன்னாம்மா ரேணுகா, பொம்பளப் புள்ளைங்க சுத்தியல எடுத்துகினு என் பில்டிங்க தட்டிகினு திரியுதுங்களாமே. சரி வுடு. டிசம்பர் குழுவுக்கு வெளியாளு ஒருத்தர் வராரு, பக்தவத்சலம்னு. பெரிய கட்டடக் கம்பெனிக்காரரு. அவரு எதுர்ல இந்த நம்பர நீட்டினா இன்னா ஆவும்? உன் கோர்ஸும் பூடும், என் பேரும் நாறிப்பூடும்.”

“சார், பொண்ணுங்க தங்கப் போற இடம்.”

“நான் மட்டும் இன்னா, அதுங்கள கொல்லவா பாக்கறேன்? லீவுல ஆள வச்சி பாத்துக்கலாம். அதுவரைக்கும் தூணு எங்கனா ஓடிப்பூடுமா? அன்னிக்கு ஒரு நாளைக்கு இருபத்தஞ்சுன்னு போட்டுக் காமி. உன் கோர்ஸ எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் நான் பாஸ் பண்ணி வுட்றேன். இல்லியா, வேன் ரெடியா கீது, செய்யூர்ல போய் அட்மிஷன் புடி. உங்க ஊருதான, ஈஸியா புடிப்ப.”

ரேணுகா இரண்டு நாள் சாப்பிடவில்லை. சொந்த ஊர்த் தெருவில், சொந்த சனங்கள் வாசலில், நோட்டீஸ் பிடித்துக்கொண்டு நிற்கிற தன்னை நினைத்தாள். இத்தனை வருஷத்துப் பாடத்தை நினைத்தாள். ராஜகோபாலனின் முகத்தில் வரப்போகிற திருப்தியை நினைத்தாள். அதுதான் அவளை அதிகம் தின்றது. ஆயிரம் பிள்ளைகள் உண்மையாக அளக்கக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள், அதற்காக ஒரே ஒரு அளவு, ஒரே ஒரு நாளைக்கு, அப்புறம் தூணைச் சரிசெய்துவிடப் போகிறோம், இதில் என்ன பாவம் என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. தப்புக்குக் கிளம்புகிற மனசு ஒருநாளும் வெறுங்கையோடு கிளம்பாது, நாலு நியாயத்தை மூட்டை கட்டிக்கொண்டுதான் கிளம்பும்.

தமிழ்ச்செல்வியை லேபுக்குக் கூப்பிட்டாள்.

“அந்த முன் வரிசை ரீடிங்க மட்டும் மாத்திக் குடு. இருபத்தஞ்சு கிட்ட வரட்டும். பாடத்திட்டக் குழுவுக்குக் காட்டறதுக்கு மட்டும்தான்.”

தமிழ்ச்செல்வி முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். “இன்னா மேடம் சொல்றீங்க?”

“காரணம் இருக்கு. உனக்குச் சொன்னாப் புரியாது. மாத்திக் குடு, படிக்கட்டுக்குப் போட்ட ஜீரோவ எடுத்துடறேன். முழு மார்க் போடறேன்.”

“அன்னிக்கு என்னைத் திருடின்னீங்களே மேடம். அத்தினி பேர் எதுர்ல.”

“அது வேற, இது வேற.”

“வேறதான். அது படிக்கட்டு. வுழுந்தா முட்டி பேந்துடும். இது என் தல மேல நிக்கற தூணு.” அவள் விடுதிப் பக்கம் கையைக் காட்டினாள். “பொங்கலுக்கு அப்புறம் பஸ்ஸ வுட்டுட்டு ஆஸ்டல்ல சேரப் போறேன் மேடம். கீழ ஃப்ளோரு, முன்னாடி ரூமு. நான்தான அங்க படுக்கப் போறேன்?”

ரேணுகாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வெட்கம் வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது. “போடி வெளிய” என்று கத்தினாள். அந்தப் பெண் போய்விட்டாள்.

அப்புறம் ரேணுகா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். விடையை முதலில் எழுதினாள். இருபத்தைந்து. அதிலிருந்து பின்னாலேயே வந்து ஒவ்வொரு ரீடிங்காக எழுதினாள். கை பழகின கைதான், அவளும் நம் ஊரில் படித்து வந்தவள்தானே. சீக்கிரமே முடிந்துவிட்டது.

பாடத்திட்டக் குழு கூடிய அன்று சேர்மன் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் அந்தக் கம்பெனிக்காரர் பக்தவத்சலம், இடப்பக்கம் ராஜகோபாலன். ரேணுகா தமிழ்ச்செல்வியைக் கூப்பிடவில்லை. அவளோடு தூண்களை அளந்த ரக்ஷா என்ற வாயாடிப் பெண்ணை நிறுத்தினாள். ரக்ஷா திரையில் வந்ததை வந்தபடி கடகடவென்று படித்தாள். சாய்தளம், மழைத் தண்ணீர், கடைசியில் விடுதித் தூண்கள். பக்தவத்சலம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். “முதல் வருஷப் பசங்களா? பரவால்லியே” என்றார். சேர்மன் மீசையைத் தடவினார்.

ராஜகோபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையில் இருந்த முன் வரிசை எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை எடுத்தது யாரும்மா?”

“எங்க டீம்தான் சார்.”

“டீம் இல்ல. ஹேமரைப் பிடிச்ச கை யாருது?”

ரக்ஷா ரேணுகாவைப் பார்த்தாள். “தமிழ்ச்செல்வி சார்.”

“ரேணுகா,” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். “பின் வரிசையைப் பாருங்கோ. ஒண்ணு இருபத்திரண்டு, ஒண்ணு இருபத்தெட்டு, ஒண்ணு இருபத்தாறு. முன்னப்பின்ன இருக்கு. கான்கிரீட்னா அப்படித்தான் இருக்கும். முன் வரிசை மட்டும் இருபத்தஞ்சு, இருபத்தஞ்சு, இருபத்தஞ்சரை. முப்பது வருஷம் இந்த மாதிரி ரீடிங்குக்குத்தானே நான் கையெழுத்துப் போட்டேன்? நீங்கதானே சொன்னீங்க? வாசனையிலேயே தெரிஞ்சிடும் எனக்கு. அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்கோ.”

“எதுக்கு சாரு, டைம் ஆவுதுல்ல?” என்றார் சேர்மன்.

“ஆகட்டும்.”

தமிழ்ச்செல்வி ஹேமரோடு வந்து நின்றாள். கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்து வெளியிலேயே இருந்தாளோ என்னவோ. ராஜகோபாலன் திரையைக் காட்டி, “இது நீ எடுத்த ரீடிங்கா?” என்று கேட்டார்.

“பின்னாடி வரிசை என்து சார். முன்னாடி வரிசை என்து இல்ல.”

“உன்னோடது எவ்வளவு?”

“நான் சொன்னா இன்னா சார், நீங்களே வந்து அடிச்சிப் பாருங்க. கீழதான கீது.”

சேர்மன் மேஜையைத் தட்டினார். “ஏ பொண்ணு, யாராண்ட பேசற? டிசி குடுத்து அனுப்பிடுவேன்.” ஆனால் அதற்குள் ராஜகோபாலன் எழுந்துவிட்டார். பக்தவத்சலமும் நாற்காலியைத் தள்ளினார். வெளியாள் கிளம்பிய பிறகு சேர்மன் உட்கார்ந்திருக்க முடியுமா? அவரும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

விடுதி வாசலில் உப்புக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ராஜகோபாலன் கோட்டைக் கழற்றி ரக்ஷாவிடம் கொடுத்துவிட்டு, முன் வரிசைத் தூணில் பூச்சில்லாத இடமாகப் பார்த்து ஹேமரை அழுத்தினார். டக். எண்ணைப் பார்த்தார். பக்கத்தில் வைத்து அழுத்தினார். டக். அடுத்த தூண். ரேணுகா மட்டும் ஒவ்வொரு ‘டக்’குக்கும் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த எண்கள் அவளுக்குத் தெரியும். அவளே அடித்துப் பார்த்த எண்கள்தானே.

ராஜகோபாலன் கருவியைத் தமிழ்ச்செல்வியிடம் திருப்பிக் கொடுத்தார். “ஹேமரை மட்டும் வச்சு முடிவு சொல்லக் கூடாது. தூணைக் குடைஞ்சு துண்டு எடுத்து உடைச்சுப் பார்க்கணும். அதுவரைக்கும் இந்தக் கட்டடத்துல ஒரு நாய்கூடப் படுக்கக் கூடாது. இது கூட்டக் குறிப்புல ஏறணும் சேர்மன் சார்.”

“நான் கையெழுத்துப் போடறேன்” என்றார் பக்தவத்சலம். செங்கல்வராயன் கடல் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுபடி மேலே போய் உட்கார்ந்தார்கள். சேர்மனுக்கு யாரையாவது கடித்துத் துப்ப வேண்டும். “அந்தக் கோர்ஸே வாணாம். தூக்கிப் போடுங்க. பேஜார் புடிச்ச கோர்ஸு” என்றார்.

“கோர்ஸ் இருக்கட்டும்” என்றார் ராஜகோபாலன்.

ரேணுகா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“எதைக் குடுத்தாலும் பசங்க மாத்தித்தான் எழுதுவாங்கன்னு நான் சொன்னேன். இந்தப் பொண்ணு மாத்தல. நான் தோத்துட்டேன், ஒத்துக்கறேன். நல்ல கோர்ஸ். எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் போடுங்கோ.” அவர் ரேணுகாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் பொட்டுக்கூட இல்லை. “ஆனா இவங்க நடத்த வேண்டாம். நான் நடத்தறேன்.”

பக்தவத்சலம் சரி என்றார். சேர்மனும் சரி என்றார், அவருக்கு இவளை வேனில் ஏற்றினால் போதும். ரேணுகா வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? சேர்மன்தான் மாற்றச் சொன்னார் என்று சொல்லலாம். சொன்னாலும் எழுதின கை யாருடையது? ஊருக்குத்தான் உபதேசம் என்பதற்கு இனி இந்தக் கல்லூரியில் அவளைத்தான் காட்டுவார்கள். பெற்ற பிள்ளையைக் கண்ணெதிரே பரம எதிரி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அவரைத் திட்டக்கூட அவளுக்கு வழி இல்லாமல் போயிற்று.

“மார்க் ரிஜிஸ்டரை என்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போங்கோ” என்றார் ராஜகோபாலன்.

துறை அறையில் அவள் ரிஜிஸ்டரை மேஜையில் வைத்தாள். தமிழ்ச்செல்வி கருவியை அலமாரியில் வைக்க வந்திருந்தாள். ராஜகோபாலன் பக்கத்தைப் புரட்டி, அவள் பெயருக்கு நேரே விரலை வைத்தார்.

“இது என்னது, ஜீரோ?”

தமிழ்ச்செல்விதான் சொன்னாள். “படிக்கட்டு சார். ரெண்டு படி அளந்துட்டு மத்தத நானே எழுதிக்கினேன்.”

“எடுத்துடட்டுமா? இன்னைக்கு நீ பண்ணினதுக்கு நியாயமா எடுத்துடணும்.”

தமிழ்ச்செல்வி அலமாரியைப் பூட்டி, சாவியை அவர் மேஜையில் வைத்தாள். பிறகு ரேணுகாவை நேருக்கு நேர் பார்த்தாள். கண்ணில் பழைய வெறுப்பு அப்படியே இருந்தது.

“வாணாம் சார். அது இருக்கட்டும். மேடம் ஒழுங்கா போட்ட மார்க்கு அது.”

சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். வெளியே அட்மிஷன் வேன்காரன் ஹாரன் அடித்தான். ரேணுகா நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு போய் ஏறினாள்.